என் மகளின் தொண்டையும் லா சப்பல் கூடைப்பந்தும்

1

ஊரிலிருந்து யார் தொலைபேசி எடுத்தாலும் பரிஸைப் பற்றி மூன்று விடயங்கள்தான் கேட்பார்கள். குளிர் எப்படி, விசா எப்படி, பிள்ளைகள் தமிழ் கதைக்கிறார்களா. இந்த முறை மூன்றையும் ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கூடைப்பந்தைப் பற்றி எழுதப் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வேலை செய்யும் அரங்கத்துக்குப் போய் வந்ததிலிருந்து எனக்கு வேறு நினைவில்லை.

எனக்குக் கூடைப்பந்து விளையாடத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் நான் படித்த கல்லூரியில் அந்த விளையாட்டைத் தூர நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து, காற்சட்டைக்குள் ஒழுங்காகச் செருகிய பெனியன், வாயில் விசிலோடு ஒரு பாதிரியார். பந்து வளையத்துக்குள் விழுந்தால் கை தட்டலாம். அதற்கு மேல் யாராவது சத்தம் போட்டால் பாதர் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பிறகு பூசை நேரம் போல மைதானம் அடங்கிவிடும். கூடைப்பந்து என்றால் அமைதியாகப் பார்க்கும் விளையாட்டு என்றுதான் நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். கிழமை நாட்களில் ஒரு பள்ளிக்கூடத்தின் உணவகத்தில் சமைக்கிறேன். சனி, ஞாயிறுகளில் நான் அறிவிப்பாளர். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீடு, பிறந்தநாள், தேர்த்திருவிழா எதுவென்றாலும் மைக் என் கையில்தான் இருக்கும். 'வருகை தந்திருக்கும் அன்பு உறவுகளே' என்று நான் தொடங்கினால் மண்டபத்தின் கடைசி வரிசையில் பலகாரம் தின்பவரும் நிமிர்ந்து பார்ப்பார். ஒரு கலியாணத்தில் வாசலை மறித்து நிறுத்திய காரின் இலக்கத்தை நான் வாசித்த அழகைப் பார்த்து, அதன் சொந்தக்காரர் காரை எடுக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்ததாக ஒரு கதை உலவுகிறது. அதை நான் மறுப்பதில்லை.

என் மகள் ஆரணிக்கு இருபத்துநான்கு வயது. கிழமை நாட்களில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலை. சனி, ஞாயிறுகளில் அவள் கையிலும் மைக்தான். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மெற்றோ ரயில் தலைக்கு மேலே பாலத்தில் ஓடும். அந்தப் பாலத்துக்குக் கீழே ஒரு கூடைப்பந்துத் திடல் இருக்கிறது. அங்கே பக்கத்துக்கு மூன்று பேராக விளையாடும் போட்டிகளுக்கு அவள்தான் அறிவிப்பாளர். விளையாட்டு நடக்கும்போதே கதைப்பாள், விளையாடுபவர்களுக்குப் பட்டப்பெயர் வைப்பாள், பந்தைத் தவறவிட்டவனைக் கிண்டல் செய்வாள். எல்லாம் பிரெஞ்சில், அதுவும் நான் வகுப்பில் படிக்காத பிரெஞ்சில். பின்னால் றாப் இசை நிற்காமல் அடித்துக்கொண்டிருக்கும்.

ஒரே வீட்டில் இரண்டு மைக். ஒருவர் அறிவிப்பது மற்றவருக்குப் பாதிதான் விளங்கும்.

2

இந்த இசைக்கும் பந்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கியது ஒரு காற்சட்டையால்.

ஆரணிக்குப் பதினைந்து வயதிருக்கும். நாங்கள் இருக்கும் புறநகரான லா கூர்னெவ்வில் ஒரு கூடைப்பந்துக் கழகத்தில் சேர்ந்திருந்தாள். ஒரு நாள் புதுக் காற்சட்டை ஒன்று வாங்கி வந்தாள். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. உள்ளே இன்னொரு ஆள் தாராளமாக நிற்கலாம். என் மனைவி வசந்தி லா சப்பலில் ஒரு சேலைக்கடையின் பின்னறையில் சட்டை தைப்பவள். அளவு பிழைத்த உடுப்பைக் கண்டால் அவளுடைய கை சும்மா இருக்காது. பிள்ளை பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்துக் காற்சட்டையைக் கத்தரித்து, மடித்துத் தைத்து, அயன் பண்ணிக் கட்டிலில் வைத்துவிட்டாள்.

பின்னேரம் வீட்டில் அழுகைச் சத்தம்.

"அம்மா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"அளவாக்கிப் போட்டன். கடைக்காரன் உன்னை ஏமாத்திப் பெரிசைத் தந்திட்டான்."

அழுகைக்கு நடுவே ஆரணி பிரெஞ்சில் ஒரு நீண்ட விளக்கம் கொடுத்தாள். அன்று விளங்கியது பாதி. மீதியைப் பிறகு பல நாட்களில் கேட்டு அறிந்தேன். நியூயோர்க்கின் ஏழைத் தெருக்களில் கறுப்பினப் பிள்ளைகள் இசைத்தட்டையும் மைக்கையும் வைத்துக்கொண்டு ஹிப்-ஹொப்பை உண்டாக்கினார்கள். அதே தெருக்களில்தான் கூடைப்பந்து வளையங்களும் இருந்தன. பாட்டுக்குப் போனவர்களும் பந்துக்குப் போனவர்களும் ஒரே பிள்ளைகள். ஆகவே தொளதொளத்த உடுப்பு, தலையோடு ஒட்டிய பின்னல், தோளை ஆட்டி நடக்கும் நடை, எதிராளியை வாயால் சீண்டும் பழக்கம் எல்லாம் பந்தோடு சேர்ந்து உருண்டு தொழில்முறை அரங்கங்களுக்குள் போய்விட்டன.

அரங்கத்தை நடத்திய பெரியவர்கள் பயந்துபோனார்கள். கழுத்துச் சங்கிலியும் தொப்பியும் வேண்டாம், கோட் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று ஒரு காலத்தில் சட்டமே போட்டார்கள். பெடியள் கோட் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆனால் எப்படிப்பட்ட கோட். கொஞ்ச நாளில் விளையாட்டைவிட அவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே நடந்து போவதைப் படம் பிடிக்கவே கமராக்கள் நின்றன. நம்முடைய கலியாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு கமரா இல்லை. பிறகு சட்டமும் தளர்ந்தது. முன்பு பயந்த இசையை இன்று அரங்கத்துக்காரரே இடைவேளை தோறும் போடுகிறார்கள். விளையாட்டுக்காரர் றாப் பாடுகிறார்கள், றாப் பாடகர்கள் முதல் வரிசையில் இருந்து விளையாட்டுப் பார்க்கிறார்கள். தெருவில் விளையாடிய மூன்றுக்கு மூன்று ஒலிம்பிக் வரைக்கும் போய்விட்டது, அங்கேயும் பாட்டும் மைக்கும் கூடவே போயின. பரிஸின் புறநகர்ப் பிள்ளைகள் கடல் கடந்து அமெரிக்காவில் போய் விளையாடுகிறார்கள். போகாதவர்கள் இங்கேயே அந்த நடை நடக்கிறார்கள். மாலி, அல்ஜீரியா, யாழ்ப்பாணம் என்று எந்த நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்திருந்தாலும் லா கூர்னெவ்வில் பிள்ளைகளின் தோள் ஒரே மாதிரித்தான் ஆடும்.

இப்போது அந்தக் காற்சட்டைகள் மறுபடி குட்டையாகிவிட்டன. பெரிய பெரிய விளையாட்டுக்காரர் எல்லாம் முழங்காலுக்கு மேலேதான் போடுகிறார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் வசந்தி சொல்வாள்: "நான் அப்பவே வெட்டினனான்."

3

இனிச் சம்பவத்துக்கு வருகிறேன். கோடை தொடங்கும் நேரம், ஒரு சனிக்கிழமை, திடலில் மின்சாரம் நின்றுபோனது. மைக் இல்லை. ஆரணி விடவில்லை. மேலே மெற்றோ ஓட, கீழே மழை தூற, வெறும் தொண்டையால் பின்னேரம் முழுக்க அறிவித்தாள். மறுநாள் காலையில் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

மருத்துவர் தொண்டைக்குள் விளக்கு விட்டுப் பார்த்தார். பத்து நாளைக்கு ஒரு சொல்லும் பேசக்கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது, அது இன்னும் கெடுதல் என்றார். வேலைக்கு விடுப்பும் எழுதித் தந்தார்.

அந்த விடுப்பை ஓர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அறிவிக்க வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், இந்த நாட்டில் எல்லாத் தொலைபேசியும் ஒன்றுதான். இயந்திரம் ஒன்று இனிமையான பெண் குரலில் கேட்டது: உங்கள் அழைப்புக்கான காரணத்தைச் சில சொற்களில் சொல்லுங்கள்.

ஆரணி தொலைபேசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குரல் போய்விட்டது என்பதைக் குரலால் சொல்ல வேண்டும். தொலைபேசியை என்னிடம் நீட்டினாள்.

மண்டபங்களை அடக்கிய என் குரலைத் திருத்திக்கொண்டு பிரெஞ்சில் சொன்னேன்: "என் மகளுக்குக் குரல் இல்லை."

"எனக்கு விளங்கவில்லை," என்றது இயந்திரம். "நீங்கள் முகவரி மாற்றத்தை அறிவிக்க விரும்புகிறீர்களா?"

"இல்லை. மகள். குரல். இல்லை."

"உங்களுக்குப் பிள்ளை பிறந்திருப்பதை அறிவிக்க விரும்புகிறீர்களா?"

வசந்தி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஆரணி மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். சிரிக்கும்போதுகூடச் சத்தம் வரவில்லை. கடைசியில் நான் கோபத்தில் யாழ்ப்பாணத் தமிழில் இரண்டு வார்த்தை சொன்னேன். அதன் பிறகுதான் இயந்திரம் ஒரு மனிதரிடம் இணைப்பைக் கொடுத்தது.

4

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒரு புதுமை நடந்தது.

ஆரணி சின்ன வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போனவள். ஆனால் வளர வளர, நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வது வழக்கமாகிவிட்டது. நாங்களும் பழகிவிட்டோம். இப்போது குரல் இல்லாததால் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் எழுதிக் காட்ட வேண்டும். நான் பிரெஞ்சு வாசிக்கும் வேகம் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வரியை வாசித்து முடிக்கும்போது தேநீர் ஆறிவிடும். இரண்டாம் நாள் அவள் தமிழுக்கு மாறினாள். எழுத்து ஆங்கில எழுத்து, சொல் தமிழ். 'appa theththanni pottu thaango' என்று வந்தது. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவளுடைய தமிழில் இத்தனை சொற்கள் மிச்சமிருந்தன என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வசந்திக்கோ அந்த எழுத்து வாசிக்க வராது. தனக்கு வந்ததையெல்லாம் என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னாள். நான் வீட்டுக்குள்ளும் அறிவிப்பாளரானேன்.

புதன்கிழமை மமடூ வந்தான். திடலில் போட்டிகளை நடத்துபவன் அவன்தான். மாலி நாட்டுப் பெற்றோருக்கு லா சப்பலில் பிறந்தவன். கொத்துரொட்டி தின்று வளர்ந்ததால் கொஞ்சம் தமிழும் வரும்.

"அண்ணை, பிரச்சினை," என்று தமிழில் தொடங்கிப் பிரெஞ்சில் முடித்தான். வருகிற ஞாயிறு நடக்கும் போட்டிக்குக் கரோல் என்றொரு பெண் வருகிறார். புறநகரில் உள்ள ஒரு தொழில்முறைக் கழகத்தில் போட்டி நாட்களின் பாட்டு, விளக்கு, அறிவிப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. புதுப் பருவத்துக்கு அறிவிப்பாளர் தேடுகிறார். ஆரணியைக் கேட்கத்தான் வருகிறார். இன்னொரு ஞாயிறு அவருக்கு இல்லை.

ஆரணிக்கு இது முன்பே தெரிந்திருக்கிறது. எங்களுக்குச் சொல்லவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தபோது, காப்புறுதி நிறுவனத்தின் தொலைபேசியை அவள் எவ்வளவு வெறுக்கிறாள் என்பதும் எனக்கு விளங்கியது.

"வேறை ஆரையும் பிடிக்கேலாதோ?" என்று மமடூவிடம் கேட்டேன்.

"பிடிக்கலாம். ஆனால் கரோல் அவனை எடுத்திடுவா," என்றான்.

ஆரணி கைத்தொலைபேசியை எடுத்தாள். ஒரு வரி தட்டினாள். தொலைபேசியை என் பக்கம் திருப்பினாள். 'neengal vaango appa.'

"நானோ? எனக்கு என்ன தெரியும்?"

அவள் மறுபடி தட்டினாள். தான் கணினியில் பாட்டுப் போடுவாள், சொல்ல வேண்டியதை எழுதித் தருவாள், நான் வாசித்தால் போதும். அவளைக் கரோல் ஏதோ ஒரு விதத்திலாவது பார்க்க வேண்டும். வீட்டில் படுத்திருந்தால் பார்க்க முடியாது.

நான் உடனே சம்மதிக்கவில்லை. ஊரில் நான் கேட்ட கடைசி ஒலிபெருக்கி அறிவித்தல், சண்டை நெருங்கிய ஒரு நாள், ஐப்பசி மழைக்குள் வந்தது. எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிடுங்கள் என்றது அது. அதற்குப் பிறகு பல வருடம் மைக் சத்தம் கேட்டால் நான் அந்த இடத்தைவிட்டு எழும்பிப் போய்விடுவேன். பரிஸில் ஒரு சாமத்திய வீட்டில் வழக்கமான அறிவிப்பாளர் வராமல் போக, யாரோ என் கையில் மைக்கைத் திணித்தார்கள். பூமாலையோடு நின்ற அந்தச் சின்னப் பிள்ளையை வாழ்த்திப் பேசியபோதுதான் மைக்கால் நல்லதும் சொல்லலாம் என்று பட்டது. அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த இடங்களில் மட்டும்தான் பேசுகிறேன். தெரியாத கூட்டத்துக்கு முன்னால் போவதில்லை.

வசந்திதான் முடித்து வைத்தாள். "பிள்ளை கேக்கிறாள். போங்கோவன். என்ன, சிரிப்பினம். சிரிக்கட்டும்."

5

ஞாயிற்றுக்கிழமை நான் கோட் போட்டுக்கொண்டு போனேன். ஆரணி என்னைப் பார்த்துக் கையால் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் மமடூவுக்குப் பிடித்துவிட்டது. கோட் இப்போது மறுபடி மரியாதையான உடுப்பு என்றான்.

திடலைச் சுற்றிக் கம்பி வேலி. வேலியில் பாதி விளையாட்டைப் பார்க்க வந்த கூட்டம், பாதி கடைக்கு வந்த எங்கள் சனம். கையில் முருங்கைக்காய்ப் பையோடு நின்ற ஒருவர் என்னைக் கண்டு, "சிவநேசன் அண்ணை, ஆரின்ர கலியாணம்?" என்று கேட்டார். மேசைக்குப் பின்னால் குட்டையாக வெட்டிய நரை முடியோடு கரோல் இருந்தார். ஆரணி கணினிக்கு முன்னால், காதில் பெரிய ஹெட்போன் மாட்டி நின்றாள்.

அவள் எழுதித் தந்த பிரெஞ்சு வரிகளை நான் ரயிலில் வரும்போதே தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதியிருந்தேன், உச்சரிக்கச் சுகமாக இருக்கட்டும் என்று. அங்கேதான் பிழைத்தது. பிரெஞ்சில் குடிபானத்துக்கு உள்ள சொல்லும் மீனுக்கு உள்ள சொல்லும் கிட்டத்தட்ட ஒன்று. முதல் எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம். நம்முடைய தாளில் இரண்டுக்கும் ஒரே 'பு'தான். விளையாடுபவர்களுக்கு மேசையடியில் இலவசக் குளிர்பானம் இருக்கிறது என்பது அறிவித்தல். நான் நிமிர்ந்து நின்று, தேர்த்திருவிழாக் குரலில், மேசையடியில் எல்லோருக்கும் இலவசமாகக் குளிர்ந்த மீன் இருக்கிறது என்றேன்.

திடல் சிரித்தது. ஒருவன் உண்மையாகவே மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தான். அன்றிலிருந்து அங்கே எனக்கு 'மீன் ஐயா' என்றுதான் பெயர். ஒவ்வொருவருக்கும் பட்டம் கிடைப்பது அந்தக் கலாசாரத்தில் மரியாதையாம். மமடூ அப்படித்தான் சமாதானம் சொன்னான்.

ஆரணி சிரிக்கவில்லை. கரோலைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்துவிட்டாள். தொலைபேசியில் தட்டிக் காட்டினாள்: 'thamizhil sollungo.'

"இவையளுக்கு விளங்காதே."

அவள் தோளைக் குலுக்கினாள். விளங்காவிட்டால் என்ன என்று அர்த்தம்.

சரி என்று தொடங்கினேன். ஆரம்பத்தில் சொல் தேடித் தேடித்தான் வந்தது. ஆனால் பந்து ஓட ஓட வாய் தானாக ஓடியது. கட்டையாக, அகலமாக, எப்பினே என்ற புறநகரிலிருந்து வந்த ஒருவன் வளையத்தடியில் காலை ஊன்றி நின்றான். எத்தனை பேர் மோதினாலும் அசையவில்லை. நான் அவனுக்கு 'ஆட்டுக்கல்' என்று பெயர் வைத்தேன். எதிர்ப் பக்கத்தில் நெட்டையாக ஒருவன், தலையை மட்டும் நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் 'வெளிச்சவீடு'. வேலியோரம் நின்ற எங்கள் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு மற்றவர்களும் சிரித்தார்கள்.

இடைவேளையில் ஆட்டுக்கல் நேரே மேசைக்கு வந்தான். வியர்வை சொட்டச் சொட்ட என் முன்னால் நின்று, தனக்கு என்ன பெயர் வைத்தேன் என்று கேட்டான். நான் ஆரணியைப் பார்த்தேன். அவள் பிரெஞ்சில் தட்டிக் காட்டினாள். பிறகு மமடூ அதை எனக்குச் சொன்னான்: 'வைத்த இடத்தைவிட்டு அசையாத கருங்கல். உள்ளே விழுவது எதுவானாலும் மா ஆகும்.' ஆட்டுக்கல் அதை இரண்டு முறை வாசித்தான். இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு திடலுக்குள் திரும்பிப் போனான்.

அதற்குள் ஆரணியும் என் குரலுக்குப் பழகிவிட்டாள். நான் ஒரு சொல்லை நீட்டினால் பாட்டைத் தாழ்த்தினாள். மூச்சு எடுத்தால் தாளத்தைத் தூக்கினாள். நான் பேசாத இடத்தை அவள் நிரப்பினாள், அவள் தாழ்த்திய இடத்தில் நான் பேசினேன். இருபத்துநான்கு வருடத்தில் நாங்கள் இருவரும் இவ்வளவு நேரம் சண்டை பிடிக்காமல் ஒரு வேலை செய்தது அன்றுதான்.

6

கடைசி ஆட்டத்தில் சண்டை வந்தது. எங்களுக்குள் இல்லை, ஆட்டுக்கல்லுக்கும் வெளிச்சவீட்டுக்கும்.

பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது முழங்கை பட்டதோ படவில்லையோ தெரியாது. இருவரும் நெஞ்சோடு நெஞ்சு முட்டிக்கொண்டு நின்றார்கள். கட்டையன் அண்ணாந்து கத்த, நெட்டையன் குனிந்து கத்தினான். நடுவர் விசிலை ஊதினார். யாரும் கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு கூட்டமும் நெருங்கத் தொடங்கின. ஒருவன் வேலிக் கதவில் கை வைத்தான்.

இந்த மாதிரி நேரத்தில் சூட்டைத் தணிப்பதுதான் மைக் பிடிப்பவரின் பெரிய வேலை என்று ஆரணி சொல்லியிருக்கிறாள். அவளென்றால் ஒரு பகிடியில் அடக்கிவிடுவாள். என்னிடம் பகிடி இருந்தது, பிரெஞ்சு இல்லை. ஆரணி வாயைத் திறந்தாள். திறந்துவிட்டு, மருத்துவர் சொன்னது நினைவு வந்தோ என்னவோ, மூடினாள்.

பிறகு பாட்டை நிறுத்தினாள். காலையிலிருந்து ஒரு நொடி ஓயாத இசை நின்றதும் எல்லோரும் திடுக்கிட்டு மேசையைப் பார்த்தார்கள். தலைக்கு மேலே மெற்றோ ஒன்று போய் மறைந்தது. அந்த அமைதிக்குள் ஆரணி ஒரு விசையைத் தட்டினாள்.

கெட்டிமேளம்.

நான் கலியாண வீடுகளில் போடும் இசையெல்லாம் அவளுடைய கணினியில்தான் இருக்கும், வெட்டி ஒட்டித் தருபவள் அவள்தானே. தாலி கட்டும் நேரத்து மேளமும் நாதஸ்வரமும் அந்தப் பெரிய ஒலிப்பெட்டிகளில் வந்தபோது திடல் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"அன்பான உறவுகளே, முகூர்த்த நேரம் நெருங்கிவிட்டது. மணமக்களை எழுந்து நின்று வாழ்த்துங்கள்."

நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்ற இருவரையும் அப்போதுதான் சனம் புதிதாகப் பார்த்தது. முருங்கைக்காய்ப் பைக்காரர் சிரிப்புத் தாங்காமல் வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே குந்திவிட்டார். ஒரு பெண் கையிலிருந்த சோளப்பொரியை அள்ளி அட்சதை போல இருவர் மேலும் வீசினாள். எங்கள் சனம் எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் இரண்டு மல்லர்களும் விழித்தார்கள். மமடூ மைக்கை என்னிடமிருந்து வாங்கிப் பிரெஞ்சில் சொன்னான்: "இது கலியாண மேளம். தமிழ் முறைப்படி நீங்கள் இருவரும் இப்போது புருஷன் பெண்சாதி."

வெளிச்சவீடுதான் முதலில் சிரித்தான். தலையிலிருந்த பொரியைத் தட்டிவிட்டு, ஆட்டுக்கல்லின் கையைப் பிடித்து மணமகன் போலத் திடலை ஒரு சுற்று வந்தான். ஆட்டுக்கல் வெட்கப்பட்டான். வேலிக் கதவில் கை வைத்தவன் அந்தக் கையால் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

ஒரு பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒட்டுவதுதான் ஹிப்-ஹொப்பின் அடிப்படையாம். ஆரணி அன்று பின்னேரம் எழுதிக் காட்டினாள்.

7

எல்லாம் முடிந்ததும் கரோல் மேசைக்கு வந்தார். அவர் ஆரணியிடம் பேசியதை மமடூ எனக்குச் சொன்னான்.

"கத்துகிறவர்கள் எனக்கு நிறையக் கிடைக்கிறார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் கிடைப்பதில்லை. எங்கள் அரங்கத்தில் ஒலி மேசைக்கு வருகிறீர்களா?"

நான் மனதுக்குள் தேங்காய் உடைத்துவிட்டேன். ஆரணியோ தலையை ஆட்டினாள், மேலும் கீழுமாக இல்லை, பக்கவாட்டில். தட்டிக் காட்டினாள். கரோல் வாசித்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார்.

"என்ன எழுதினனி?" என்று கேட்டேன்.

மமடூ சொன்னான். "ஒலி மேசை சரி. மைக்கும் வேணும் எண்டு கேக்கிறா."

"பிள்ளை, கிடைக்கிறதை முதல்ல பிடி," என்று தமிழில் மெல்லச் சொன்னேன். நான் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் வாழ்ந்திருக்கிறேன். கிடைத்த வேலை, கிடைத்த வீடு, கிடைத்த நேரம். ஆரணி என்னைப் பார்த்து 'illai appa' என்று தட்டினாள். கோபமாக இல்லை.

கரோல் அவளுடைய தொண்டையைக் காட்டினார். "கேட்காத குரலுக்கு மைக் தர முடியாது. குரல் வந்ததும் எனக்குத் தொலைபேசி எடுங்கள்," என்று தன் இலக்கத்தைக் கொடுத்தார். போகும்போது என் கையைக் குலுக்கி, மீன் இல்லாதது தனக்குக் கவலை என்றார்.

குரல் வந்தது. கொஞ்சம் கரகரப்போடு வந்தது. வந்த அன்றே ஆரணி பழையபடி பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் சின்னக் கவலைதான், என்ன செய்வது, மருந்தை நிறுத்தச் சொல்லவா முடியும்? அவள் கரோலுக்குத் தொலைபேசி எடுத்தாள், ஒரு நாள் போய்ப் பேசிக் காட்டினாள். அரைப் பருவத்துக்கு அறிவிப்பாளராக எடுத்திருக்கிறார்கள். பிறகு பார்ப்பார்களாம். காப்புறுதி வேலையை இன்னும் விடவில்லை.

8

போன ஞாயிறு பின்னேரம் அவளுடைய முதல் போட்டி. வசந்தியும் நானும் போனோம். விளக்கெல்லாம் அணைந்தது. றாப் தாளம் கதிரைக்கு அடியால் ஏறி முதுகெலும்பில் அடித்தது. விளையாட்டுக்காரர் ஒவ்வொருவராகப் புகைக்குள்ளால் ஓடி வந்தார்கள். நான் பார்த்த கல்லூரிப் பாதர் இங்கே வந்திருந்தால் விசிலை விழுங்கியிருப்பார். வசந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தாள்.

எதிர் அணியில் நைஜீரியக்காரன் ஒருவன் இருந்தான். அவனுடைய பெயரை இங்கே எழுத நான் துணிய மாட்டேன். சட்டையின் முதுகில் ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை வளைந்து கிடந்தது. எல்லா அரங்கத்திலும் அவனை இரண்டு எழுத்தில் சுருக்கித்தான் கூப்பிடுவார்களாம். போட்டிக்கு முன்னால், விளையாட்டுக்காரர் உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்த நேரம், ஆரணி மேசையைவிட்டு இறங்கிப் போய் அவனிடம் ஏதோ கேட்பதை நாங்கள் மேலேயிருந்து பார்த்தோம். அவன் குனிந்து அவளுடைய காதில் சொன்னான். அவள் திருப்பிச் சொன்னாள். அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். மறுபடி சொன்னாள்.

அவனுடைய முறை வந்தது. எதிர் அணி என்பதால் கூட்டம் ஊளையிடத் தயாராக இருந்தது. ஆரணி தாளத்தை நிறுத்தச் சொன்னாள். அவனுடைய பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, அவசரப்படாமல் சொன்னாள். ஊளை வரவில்லை. ஓடிக்கொண்டிருந்தவன் நின்றான். மேசையைத் திரும்பிப் பார்த்து நெஞ்சில் கையை வைத்தான்.

பிறகு அவன் விளையாடிய விளையாட்டை என்ன சொல்ல. எங்கிருந்து எறிந்தாலும் பந்து விழுந்தது. எங்கள் கழகம் மோசமாகத் தோற்றது. வாசலில் நாங்கள் ஆரணிக்காகக் காத்து நின்றபோது, கரோல் அவளோடு பேசிக்கொண்டே வந்தார். சிரித்துக்கொண்டுதான் பேசினார், ஆனால் முழுதும் சிரிப்பில்லை.

ரயிலில் ஏறி இருந்ததும் கேட்டேன். "என்னவாம் அவ?"

"அடுத்த முறை எதிர் அணிக்காரரின் பெயரைக் கொஞ்சம் பிழையாகச் சொல்ல வேண்டுமாம்," என்றாள் பிரெஞ்சில்.

"நீ என்ன சொன்னனி?"

"முடியாது என்றேன்." அதுவும் பிரெஞ்சில்தான்.

வசந்தி பயந்துபோனாள். "முதல் நாளே ஏனடி பிள்ளை?"

ஆரணி சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டாள். தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தொண்டையை நனைத்தாள். பிறகு, யாரும் கேட்காமலே, தமிழில் சொன்னாள்.

"பேர் எண்டால் பேர்தானே அம்மா."

ரயில் லா கூர்னெவ்வுக்குப் போய்க்கொண்டிருந்தது.